வாய்ப்புண்ணுக்கு இலையும் பட்டையும்: கடற்கரை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர் ஒன்றில் உள்ள சித்த மருந்தகத்தில் நான் பல ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வாய்ப்புண்ணைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளை விட்டுவிட்டு, புண்ணின்மேல் தடவவும் வாய் கொப்பளிக்கவும் உதவும் இலை, பட்டை, காய், எண்ணெய் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

வாய்க்குள் வரும் புண் எல்லாம் ஒன்றுதானா? எந்தப் புண்ணுக்கு இலை வைத்தியம் பொருந்தும்?

எல்லாம் ஒன்றல்ல. உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய மென்மையான இடங்களில், நடுவில் வெளிர்மஞ்சளாகவும் சுற்றிலும் சிவந்த வளையத்தோடும் வருகிற ஆழமில்லாத சிறு புண்தான் பெரும்பாலானவர்களுக்கு வருவது. மருத்துவர்கள் இதை ஆப்தஸ் புண் என்பார்கள். இது 1 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். 7 முதல் 14 நாள்களுக்குள் தழும்பு இல்லாமல் தானாகவே ஆறிவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பல்லால் கடித்துக்கொண்டதாலோ, மீன்முள் குத்தியதாலோ, கொதிக்கும் கஞ்சியை அவசரமாகக் குடித்ததாலோ வரும் காயமும் ஏறக்குறைய இதே கணக்கில் ஆறும். இந்த இரண்டு வகைக்கும் இலை வைத்தியம் பொருந்தும்.

1 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் ஆழமும் உள்ள புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், தழும்பும் விடும். அது மருத்துவர் பார்க்க வேண்டிய புண். உதட்டின் வெளியோரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்தால் அது அக்கியைப் போன்ற வைரஸ் தொற்று, அது ஒட்டக்கூடியது. குழந்தையின் நாக்கில் தயிர்த் துணுக்குபோல் படியும் வெள்ளை மாவு பூஞ்சையால் வருவது. இவற்றுக்கு மணத்தக்காளியும் மாசிக்காயும் மருந்தல்ல.

மணத்தக்காளி இலையை மென்றால் உண்மையிலேயே ஆறுமா, அல்லது நம் நம்பிக்கைதானா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நாளில் தானாக ஆறும் புண்ணுக்கு நாலாம் நாள் எதைத் தடவினாலும், பத்தாம் நாள் ஆறியதற்கான பெயர் அந்த மருந்துக்கே போய்ச் சேரும். இலை வைத்தியத்தின் புகழில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்ததுதான். அதற்காக அதில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மென்ற இலையின் சாறு வறண்ட வாயை ஈரமாக்குகிறது. கொழகொழப்பாகப் புண்ணின்மேல் படிந்து, காற்றும் காரமும் நேரே படாமல் சிறிது நேரம் காக்கிறது. எரிச்சல் அடங்குவதை மென்றவர்கள் அனைவரும் சொல்கிறார்கள், நானும் உணர்ந்திருக்கிறேன்.

செய்முறை எளியது. ஐந்தாறு இளம் இலைகளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உப்புச் சேர்க்காமல் மெதுவாக மென்று, அந்த விழுதை நாக்கால் தள்ளிப் புண்ணின்மேல் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு விழுங்கினாலும் துப்பினாலும் தவறில்லை. மெல்ல முடியாதவர்களுக்கு, என் அம்மா செய்ததுபோல், இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து, முதல் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி சேர்த்துக் கொடுக்கலாம். அந்தப் பச்சை வெள்ளைக் கலவையைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்து, “விழுங்காதே, வாயிலேயே வச்சிரு” என்று அம்மா என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கீரையாகத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தும் சாப்பிடலாம். காரம் சேர்க்காத அந்தக் கூட்டு, புண் உள்ள வாய்க்குச் சோற்றோடு இறங்கும் நல்ல உணவு.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மணத்தக்காளியின் பச்சைக் காயில் சொலனின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. நன்கு பழுத்த பழத்தையே தின்ன வேண்டும். வேலியோரத்தில் தானாக முளைத்த செடியைப் பறிக்கிறவர்கள், இளம் ஊமத்தைச் செடியை இதுவென்று எண்ணிப் பறித்துவிடாமல், பூவும் காயும் கண்ட செடியிலிருந்தே இலை எடுக்க வேண்டும். வற்றல் குழம்பில் போடும் மணத்தக்காளி வற்றல் புண்ணுக்கு உதவாது. மோரிலும் உப்பிலும் ஊறிக் காய்ந்த அது எரிச்சலைத்தான் கூட்டும்.

எந்த மருந்தைத் தடவினாலும் சற்று நேரத்தில் எச்சிலோடு போய்விடுகிறதே?

வாய்க்குள் மருந்து தடவுவதில் உள்ள பெரிய சிக்கல் இதுதான். நல்ல மருந்தை வாங்கிச் சென்று, ஈரமான புண்ணின்மேல் விரலால் இழுகிவிட்டு, பலனில்லை என்று திரும்பி வருகிறவர்களே அதிகம்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான நீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தால், புண்ணின்மேல் ஒட்டியிருக்கும் சோறும் குழம்பும் போய்விடும். அதன்பின் உதட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, சுத்தமான பருத்தித் துணியின் நுனியைப் புண்ணின்மேல் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அப்போது புண் பளபளப்பு இழந்து மங்கலாகத் தெரியும். அதுதான் தடவுவதற்கான நேரம். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி மருந்தைத் தொட்டு, புண்ணையும் அதன் சிவந்த ஓரத்தையும் மூடும் அளவுக்கு வைத்துவிட்டு, உதட்டை ஒரு நிமிடம் வெளியே இழுத்தே பிடித்திருக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. மூன்று வேளை உணவுக்குப் பிறகும் படுக்கப்போகும் முன்பும் இப்படிச் செய்தால் போதும். படுக்கும்போது தடவுவதை விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் மருந்து அதிக நேரம் தங்கும்.

மாசிக்காய் என்பது என்ன? குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுப்பார்களே, அதுதானா?

அதேதான். பெயரில் காய் என்று இருந்தாலும் அது காய் அன்று. மேற்காசியாவில், துருக்கி, ஈரான் பக்கங்களில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் சிறு குளவி முட்டையிடும்போது, அந்த இடத்தில் மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் திரட்டும் உருண்டை அது. நம் மண்ணில் விளையாத இந்தச் சரக்கு, நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் என்றும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது.

அதன் எடையில் பாதிக்கும் மேல் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான். பழுக்காத வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்குமே, அது டானினின் வேலை. புண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதத்தோடு டானின் சேர்ந்து ஒரு மெல்லிய ஆடையாக இறுகுகிறது, திறந்து கிடந்த நரம்பு நுனிகள் அதற்குள் மறைவதால் வலி தணிகிறது, கசிவும் குறைகிறது. துவர்ப்பான மருந்து எதுவானாலும் அது வாய்ப்புண்ணில் வேலை செய்வது இந்த வழியில்தான்.

கெட்டியான, ஓட்டையில்லாத காயாகப் பார்த்து வாங்கி, உரைகல்லில் சில சொட்டுக் கொதித்தாறிய நீர் விட்டு உரைத்தால், பழுப்பு நிறத்தில் சந்தனம்போல் ஒரு விழுது வரும். அதை அப்படியே தடவலாம். துவர்ப்பின் இழுப்பு அதிகமாக இருந்தால் சிறிது நெய்யில் குழைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். அளவு மிஞ்சினால் நல்ல தோலும் வறண்டு உரியும். நாள்தோறும் விழுங்கிக்கொண்டே இருப்பதும் கூடாது, ஏனெனில் டானின் உணவில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ளாமல் தடுக்கும். இரும்புச்சத்துக் குறைவே பலருக்கு வாய்ப்புண்ணின் காரணமாக இருக்கிறது.

எங்கள் ஊரைச் சுற்றிக் கருவேலமரம் காடாக நிற்கிறது. அதன் பட்டையைப் பயன்படுத்தலாமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். கண்மாய்க்குள்ளும் சாலையோரத்திலும் காடாக நிற்பது சீமைக் கருவேலம்; அது அயல்நாட்டிலிருந்து வந்தது, வாய்ப்புண்ணுக்கு மருந்தாக நம் மரபில் சொல்லப்பட்டதும் அன்று. “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்பதில் வரும் வேல் நாட்டுக் கருவேலம். அது உருண்டையான மஞ்சள் பூவும், மணிமணியாக இடுங்கிய வெளிர்சாம்பல் நிறக் காயும், வெள்ளை நிறத்தில் இணையிணையான நீண்ட முள்ளும் உடையது. சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல் நீண்டு தொங்கும். காய் மஞ்சளாக, இடுக்கில்லாமல் இருக்கும்.

நாட்டுக் கருவேலம் பட்டை இரண்டு தேக்கரண்டி அளவு இடித்து, இரண்டு தம்ளர் நீரில் போட்டு, ஒரு தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறிய பின் வாய் கொப்பளித்துத் துப்பலாம். ஈறு வீங்கி இரத்தம் கசிகிறவர்களுக்கும் இது இதமாக இருக்கும். மரத்தை அடையாளம் காண்பதில் சிறிது ஐயம் இருந்தாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதே நல்லது.

கொய்யா இலையும் பிச்சி இலையும் நல்லது என்கிறார்களே?

இரண்டும் நல்லவை. கொய்யாவின் கொழுந்து இலை ஏழெட்டைக் கருவேலம் பட்டையைக் காய்ச்சுவதுபோலவே காய்ச்சி, நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் வாயில் நிறுத்திக் கொப்பளிக்கலாம். கொய்யா இலைக் கொப்பளிப்பை வாய்ப்புண் உள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு உண்டு. வலி விரைவாகக் குறைந்தது என்பதே அதன் முடிவு. சேர்த்துக்கொண்டவர்கள் சிலரே என்பதால், அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சிய நீரை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாள் அது நுரைத்துவிடும்.

பிச்சி எனப்படும் சாதிமல்லியின் இலையை மெல்லுவது பழைய மருத்துவ நூல்களிலும் உள்ள முறை. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து தமிழகம் எங்கும் மல்லிகை நாற்றுப் போவதால், நம் பக்கத்தில் மல்லிகை இல்லாத தோட்டம் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் குண்டுமல்லி. ஒற்றை இலையாக இருப்பது குண்டுமல்லி; ஒரு காம்பில் இருபுறமும் பல சிற்றிலைகள் வரிசையாக இருப்பது பிச்சி. மருந்துக்குச் சொல்லப்பட்டது பிச்சி இலையே. பூவுக்காக வளர்க்கும் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்பதால், வீட்டு முற்றத்துக் கொடியின் இலையை மட்டுமே மெல்லுங்கள்.

கற்றாழையை எப்படிப் பயன்படுத்துவது? கசப்புத் தாங்க முடியவில்லை.

கசப்பாக இருந்தால் சுத்தம் செய்த முறையில் தவறு இருக்கிறது. மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். கசப்பது அதுதான், வயிற்றுக்குப் போனால் பேதியாக்குவதும் அதுதான். வெட்டிய மடலை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தம்ளரில் கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் அந்தப் பால் வடிந்துவிடும். பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடிபோன்ற சோற்றை ஆறேழு முறை கழுவி, சுவைத்துப் பார்த்துக் கசப்பில்லை என்றால் சிறு துண்டாக்கிப் புண்ணின்மேல் வைத்துக்கொள்ளலாம். குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் உடனே அடங்கும். கருவுற்ற பெண்கள் மஞ்சள் பால் உள்ளே போகாதபடி மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

அதிமதுரம், மஞ்சள்?

அதிமதுரத்தூள் அரைத் தேக்கரண்டியை ஒரு தம்ளர் வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிக் கொப்பளிக்கலாம். இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள். கொப்பளித்துத் துப்ப வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், நீர் பிரிவதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைத் தொடர்ந்து விழுங்கினால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும்.

மஞ்சளை விரலியாக வாங்கி வீட்டிலேயே உரைத்துத் தேங்காயெண்ணெயிலோ நெய்யிலோ குழைத்துத் தடவுங்கள். கடைத் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கப்படுவது நம் பக்கத்து நாடுகளிலும் இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது; திறந்த புண்ணின்மேல் அதை வைக்க எனக்கு மனம் வராது.

தேங்காயெண்ணெய், தேன், பனங்கற்கண்டு?

தேங்காயெண்ணெய் புண்ணை மூடி எரிச்சலைக் குறைக்கும். வேறு மருந்துகளைக் குழைக்கவும் ஏற்றது. தேனும் அப்படியே, ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து, முதிராத குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். சாயல்குடிப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது எச்சிலைச் சுரக்கவைத்து இதம் தரும், அவ்வளவே. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேனும் கற்கண்டும் சர்க்கரைதான்.

காட்டாமணக்குப் பாலைத் தடவினால் ஒரே நாளில் ஆறுகிறது என்கிறார்களே?

இதைத் தடவுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பால் காய்ந்து பிசின்போலப் புண்ணை மூடுவதால் வலி சட்டென்று மறைவது உண்மை. ஆனால் காட்டாமணக்கு நச்சுச் செடி. அதன் விதையைத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுவது அடிக்கடி நடக்கிறது. கொப்பை ஒடித்துப் பாலெடுக்கும் பெரியவரைப் பார்க்கும் பிள்ளை, மறுநாள் அதே செடியின் காயைப் பறித்து வாயில் போட எவ்வளவு நேரமாகும்? இதைவிட நல்ல வழிகள் இருக்கும்போது இது வேண்டாம் என்பதே என் முடிவு.

எருக்கம்பால் கூடவே கூடாது. அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கிராம்புத் தைலத்தை அப்படியே வைத்தால் மரத்துப்போகும், பிறகு அந்த இடம் வெந்துபோகும். வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது செடிமருந்து அன்று, ஆனாலும் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்தானது.

குழந்தைக்கு வாய்ப்புண் வந்தால் என்ன தடவலாம்?

பால்குடிக் குழந்தைக்கு எதையும் வீட்டில் தடவாதீர்கள். சற்று வளர்ந்த பிள்ளைக்குக் கழுவிய கற்றாழைச் சோறு, தேங்காயெண்ணெய், தேங்காய்ப்பாலில் வேகவைத்த மணத்தக்காளிக் கீரை ஆகியவை போதும். உப்புநீரைக் கொப்பளித்துத் துப்பத் தெரிந்த வயதில் மட்டும் கொடுங்கள். காய்ச்சலோடு உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்தாலோ, பிள்ளை தண்ணீர் குடிக்க மறுத்துச் சிறுநீர் குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதம் ஒரு முறை வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை இலை தின்றாலும் நிற்கவில்லை.

தடவும் மருந்து வந்த புண்ணைத்தான் ஆற்றும்; வரப்போகும் புண்ணைத் தடுக்காது. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இரத்தப் பரிசோதனை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் வாய்ப்புண் விடாது வரும். பிடித்த மீனில் நல்லதையெல்லாம் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, இரசமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு எழும் பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சூடையும் மத்தியும் விலை மலிந்த மீன்கள்தான். பி12 அவற்றில் ஏராளம். அவற்றை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு நிற்காமல் நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

அடுத்து, பற்பசையைப் பாருங்கள். மிகுதியாக நுரைக்கும் பற்பசைகளில் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இருக்கும். சிலருக்கு அது வாயின் உட்தோலை உரித்துப் புண்ணை வரவழைக்கிறது. அது இல்லாத பற்பசைக்கு மாறி இரண்டு மாதம் பார்க்கலாம். உடைந்த பல்லின் கூர்முனை ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் பல் மருத்துவர் அதைத் தேய்த்துவிடுவதே மருந்து. இரவு முழுவதும் வலையோடு விழித்திருக்கும் தொழிலும், வட்டிக்கு வாங்கிய கடனை நினைத்துத் தூக்கம் கெடுவதும்கூடப் புண்ணை வரவழைக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற புண்ணை எரியவைக்கும், ஆகவே ஆறும்வரை ஒதுக்கிவையுங்கள். கண்ணிலும் பிறப்புறுப்பிலும் சேர்ந்து புண் வருகிறவர்கள், மூட்டுவலிக்கோ நெஞ்சுவலிக்கோ நெடுநாள் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளே புண்ணுக்குக் காரணமாக இருக்கும்.

வெற்றிலை போடுவது வாய்க்கு நல்லதுதானே? சுண்ணாம்பு பட்டுத்தானே வெந்தது?

கிளிஞ்சல் சுண்ணாம்பு பட்டு வெந்த இடம் சில நாள்களில் ஆறிவிடும். உடனே நிறையத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். என் கவலை பாக்கைப் பற்றியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. நெடுநாள் பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகி, சிறு காரமும் நெருப்பாக எரியும். வாய் திறப்பது வரவரக் குறையும். உங்கள் மூன்று விரல்களை நெட்டுக்கு அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அது வாய்ப்புண் எரிச்சல் அன்று. பாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள்.

எத்தனை நாள் வீட்டு வைத்தியம் பார்க்கலாம்?

இரண்டு வாரம். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண் எதுவானாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஓரம் தடித்துக் கையில் கெட்டியாகத் தட்டுப்படுவது, தொட்டால் இரத்தம் வருவது, கழுத்தில் கட்டி, அழியாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, நாக்கு மரத்துப்போவது, விழுங்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. என் சித்தப்பா நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர்; இடது கன்னத்தில் வெற்றிலைப் பாக்கை அடக்கிக்கொண்டே வலை இழுப்பார். அந்த இடத்தில் புண் வந்தபோது முரல் மீனின் முள் குத்தியது என்றார். மாசிக்காய்த்தூளை நெய்யில் குழைத்துக் கொடுத்தது நான்தான். துவர்ப்பு வலியைத் தணித்ததால் அவர் திரும்பத் திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனார். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது வாரம் கழித்து ஒருநாள், மருந்தை நானே தடவிவிடலாம் என்று கன்னத்தை விலக்கியபோது, விரலுக்குப் புண்ணின் ஓரம் நண்டு ஓட்டைத் தொட்டதுபோல் தட்டுப்பட்டது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்று என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து சித்தப்பா இன்றும் எங்களோடு இருக்கிறார்; ஒருபக்கக் கன்னம் குழிந்திருக்கிறது, கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பிட முடிகிறது. முதல் மூன்று வாரத்தில் அனுப்பியிருந்தால் அறுத்தெடுத்த சதை குறைவாக இருந்திருக்கும். மாசிக்காய் தன் வேலையைச் செய்தது. நாளை எண்ணாமல் விட்டவன் நான்.

பல் மருத்துவர் களிம்பு கொடுத்திருக்கிறார். அதோடு இலையும் வைக்கலாமா?

ஒரே நேரத்தில் இரண்டையும் வைக்காதீர்கள். களிம்பு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் இலைவிழுது இருந்தால் களிம்பு வீணாகும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கொப்பளிப்பை முதலில் முடித்துவிட்டுக் களிம்பைக் கடைசியில் தடவுங்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களும், கதிர்வீச்சு எடுப்பவர்களும் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையையும் மெல்லக் கூடாது. நோய் எதிர்ப்பு குறைந்த உடலுக்கு இலையில் ஒட்டியிருக்கும் மண்ணே தொற்றைக் கொண்டுவரும்.

கடற்பாசியில் வாய்ப்புண்ணுக்கு மருந்து உண்டா?

பாசி எடுக்கப் போகும் பெண்கள் கேட்ட கேள்வி இது. கட்டக்கோரை என்னும் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கொழகொழப்புப் பொருளால்தான் பல் மருத்துவர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கிறார்கள். களிம்புகளை வாயில் ஒட்டவைப்பதற்கும் இத்தகைய கூழ்கள் உதவுகின்றன. கடலிலிருந்து எடுத்த பாசியை அப்படியே புண்ணில் வைப்பது உப்பையும் மணலையும் வைப்பதுதான்.

கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறேன். படகில் இலைக்கு எங்கே போவது?

மாசிக்காயைத் தூளாக்கித் துணியில் சலித்து, ஈரமில்லாத சிறு டப்பாவில் கொண்டுபோங்கள். கடல்காற்றின் ஈரம் பட்டால் கட்டியாகிப் பூசணம் பிடிக்கும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சிறு புட்டியில் தேங்காயெண்ணெய், ஈர்க்குச்சி நான்கு, பஞ்சு கொஞ்சம் போதும். கொப்பளிக்கக் கடல்நீரை அள்ளாதீர்கள். அது நான் சொன்ன உப்புநீரைவிட மிகவும் கரிக்கும், துறைமுகத்தை ஒட்டி அதில் டீசலும் கழிவும் இருக்கும். குடிக்கக் கொண்டுபோகும் நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். இப்போதெல்லாம் நான் கொடுக்கும் ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் புண் வந்த தேதியைக் கேட்டு எழுதி ஒட்டித்தான் கொடுக்கிறேன். இரண்டாவது டப்பா கேட்டு வருகிறவர்கள் அந்த மூடியையும் கொண்டுவர வேண்டும்.